வாத்து ஜாடி

பாரிஸ், மார்ச் மாதம்

என் மகளுக்கு,

கொழுப்பில் பதப்படுத்தி ஜாடியில் அடைத்து நீ அனுப்பிய வாத்து வந்து சேர்ந்தது. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு உன் கையெழுத்தை அந்த ஜாடியின் மூடியில்தான் பார்த்தேன்.

கடைக்காரர்கள் செவ்வாய்தோறும் இன்னும் பண்டம் அனுப்புகிறார்கள். ருசி பார்க்கும் குழுவாக நாங்கள் ஏழு பேர் தின்று சொல்லும் தீர்ப்பை நான் என் புத்தகத்தில் அச்சிடுகிறேன். போன வாரம் வந்த முயல்கறியைப் பிரமாதம் என்றேன். மற்ற யாரும் கரண்டியைத் தொடவில்லை. சமையற்காரி பெரின் என் காதோரம் குனிந்தாள்.

"ஐயா, அது ஊசிப்போச்சு. வாசல் வரைக்கும் நாறுது. உங்களுக்குத் தெரியலையா?"

தெரியவில்லை. குளிர்காலத்தில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு எதுவும் ருசிப்பதில்லை, மணப்பதுமில்லை. இதை உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன்.

உன் அம்மா சமைத்த வாத்தில் உப்பு அதிகம் என்று அச்சில் போட்டவன் நான். ஊரே அவளைப் பார்த்துச் சிரித்தது. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதை அச்சிட்ட பக்கம் என் புத்தகத்தின் நாலாம் பதிப்பிலும் இருக்கிறது.

உன் வாத்தில் ஒரு துண்டை வாயில் போட்டதும் பெரின் அழுதுவிட்டாள். "அப்படியே அம்மா கைப்பக்குவம்யா" என்றாள்.

ஜாடி முழுவதையும் நானே தின்று தீர்த்தேன். எனக்கு மட்டும் உன் அம்மா அதில் வரவில்லை.

உன் அப்பா