உச்சிப்பகலில் ஓர் ஊக்கு

என் வீட்டை ஆளும் மகாராணிக்கு,

நலமா? கண்ணுக்கு மருந்து விடாமல் போட்டுக்கொள்கிறாயா? இதை மருமகள்தான் படித்துக் காட்டுவாள் என்பதால் கொஞ்சலைக் குறைத்திருக்கிறேன்.

பகலில் மட்டும் வானத்தில் மிக உயரே ஒரு மின்னோட்டம் பாய்கிறது, உச்சிவெயிலில் உச்சத்துக்குப் போகிறது, அதன் காந்தத்தை அளப்பதுதான் என் பிழைப்பு என்று எத்தனை முறை சொன்னாலும் நீ நம்பியதில்லை. கொஞ்ச நாளாக, நான் கருவிக்குப் பக்கத்தில் போய் எடுக்கும் அந்த நடுப்பகல் அளவு தாறுமாறாக வந்தது.

"மின்னோட்டமே திசை மாறிடுச்சுய்யா!" என்று மேலதிகாரி குதித்தார். பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "யோவ், கருவிக்கிட்ட இரும்பே ஆகாதுன்னு பெல்ட்டைக்கூடக் கழட்டிட்டு வர்றீர். சட்டையில என்னய்யா மின்னுது?"

"சம்சாரம் குத்திவிட்டது சார்."

கிளம்பிய அன்று பொத்தான் அறுந்தபோது, ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியாமல், தடவித் தடவி ஓர் ஊக்கைக் குத்திவிட்டாயே, அதேதான். சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றிக் குத்திக்கொண்டே வந்ததில், அது இரும்பு என்பதே மறந்துபோயிற்று.

அளவையெல்லாம் மறுபடி எடுக்கவேண்டுமாம். லீவு இல்லை. உன் கண் ஆபரேஷனுக்குப் பக்கத்தில் இருப்பேன் என்றவன் இருக்கமாட்டேன். நீ உன்னை நொந்துகொள்ளாதே, மறந்தவன் நான். ஊக்கு இப்போது என் தலையணை உறையில் இருக்கிறது.

வெயில் ஏறிவிட்டது, ஓடவேண்டும். கட்டு அவிழ்த்ததும் ஒரு பொத்தானும், நீயே நூல் கோத்த ஓர் ஊசியும் அனுப்பு. இங்கே கடையில் கிடைக்காமல் இல்லை. ஆனால், கண் தெரிகிறது என்று நீ வாயால் சொன்னால் நான் நம்பமாட்டேன்.

இப்படிக்கு,
பொத்தான் இல்லாத உன் வீட்டுக்காரன்