ஒன்னாம் நம்பர் பஸ் தெரியாத தோழி

செவ்வாய், இரவு

தங்கை கவி மேல் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. எழுதித் தொலைத்தால்தான் தூக்கம் வரும்.

சாயங்காலம் அவள் போனை அம்மாவிடம் நீட்டினாள். கேமில் பழக்கமான ஒரு பெண், தானும் ஸ்ரீரங்கம்தான், ஒன்பதாவதுதான் என்று சொல்லிக்கொண்டு, யூனிபார்மில் ஒரு போட்டோ அனுப்பச் சொல்கிறாளாம்.

அம்மா போனைப் பிடுங்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போக என்ன நம்பர் பஸ்னு கேளுடி."

கவி கேட்டாள். 'இரு, மேப்ல பாத்து சொல்றேன்' என்று பதில் வந்தது.

"ஒன்னாம் நம்பர் தெரியாதவ ஸ்ரீரங்கத்துக்காரியா? எவனோ மீசை வெச்ச தடியன் உக்காந்து தட்டுறான்."

இருவரும் சிரித்தார்கள். சேர்ந்தே பிளாக் செய்தார்கள், புகாரும் கொடுத்தார்கள்.

"எங்கிட்ட காட்டுனே பாரு, அது போதும்டா கண்ணு" என்றாள் அம்மா.

எனக்கு அந்த 'கண்ணு' கிடைத்ததே இல்லை. காலேஜை விட்டு நின்றதிலிருந்து வெறும் 'ஏய்'தான். கவி வயதில் என்னிடமும் ஒருத்தன் போட்டோ கேட்டு மிரட்டினான். அப்போதெல்லாம் என்ன ஏது என்று கேட்காமலே அம்மா போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டிவிடுவாள். அதனால் சொல்லவில்லை. மாதக்கணக்கில் தனியாகவே பயந்து செத்தேன்.

சாப்பிடும்போது அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு இந்த மாதிரி எவனாவது தொல்லை குடுத்திருக்கானா?"

"இல்லம்மா."

உடனே நம்பிவிட்டாள். கவியின் தட்டில் இன்னொரு தோசை போட்டாள்.

இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.