நான் ஜெயித்துக் கொடுத்த வழக்கு

நேற்றுக் காலை கோர்ட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் பீரோக் கதவில் விரலை நசுக்கிக்கொண்டேன். முதலுதவிப் பெட்டியிலிருந்து கட்டுத்துணிச் சுருளை எடுத்து உறையைப் பிரித்ததும் அந்த வாசனை வந்தது. புதுப் பருத்தியும் வெளுப்பு மருந்தும் கலந்த வாசனை. இருபது வருடம் உன் சேலையில் இருந்தது. விரலில் ரத்தம் வழிந்துகொண்டிருக்க, சுருளை மூக்கருகில் வைத்தபடி நான் நின்றுகொண்டே இருந்திருக்கிறேன். வீட்டுக்காரர் வந்து கையைப் பிடித்துக் கட்டிவிட்டார். "யாரையாவது நெனச்சியா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

நீ அந்தக் கவரோடு வந்த நாளிலும் இதே வாசனைதான். இராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனி ஷிப்ட் முடிந்து, முகம்கூடக் கழுவாமல் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் என் ஆபீசுக்கு வந்து நின்றாய். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். என் வக்கீல் போர்டை நீ ஒருநாளும் மதித்ததில்லை.

"ஏட்டி, இதுல என்ன போட்டுருக்குன்னு வாசி. எல்லாம் இங்கிலீசுல கெடக்கு."

கனடாவிலிருந்து வந்திருந்தது. இரண்டு வருடத்தில் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று போன உன் கணவர், ஒன்பதாவது வருடத்தில் அனுப்பிய விவாகரத்துத் தீர்ப்பு. ஒரு வருடத்துக்கு மேல் பிரிந்து வாழ்கிறார்கள் என்பது காரணம். உனக்கு முன்பே நோட்டீஸ் அனுப்பியதாக எழுதியிருந்தது. அது போன விலாசம், நீங்கள் காலி செய்து பல காலமான வாடகை வீடு.

நான் இரண்டு வழி சொன்னேன். இது இங்கே செல்லாது என்று வழக்குப் போடலாம். அல்லது விட்டது சனியன் என்று இருந்துவிடலாம்.

நீ யோசிக்கவே இல்லை. "விட்டுப் போறதுன்னா எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டுப் போகணும்ல. அவிய கூரியர்லயா சொல்லுவாவ?"

ஜீவனாம்சம்கூட நீ கேட்கவில்லை. செட்டியார்பட்டி போகும் ரோட்டில் உன் சம்பளத்திலேயே வாங்கிய இரண்டு அறை வீடு இருந்தது. கூட உன் அம்மா இருந்தார். உனக்குத் தெரியாமல் உன் கல்யாணம் முடிய முடியாது என்று ஒரு நீதிபதி சொல்ல வேண்டும். அவ்வளவுதான் நீ கேட்டது.

மூன்று வருடம் நடந்தது. நான் அவ்வளவு உழைத்து வேறெந்த வழக்கையும் நடத்தியதில்லை. உனக்குச் சொல்லாமல், உன்னை விசாரிக்காமல், இந்த நாட்டுச் சட்டத்தில் இல்லாத காரணத்துக்காகக் கொடுத்த விவாகரத்து உன்னைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பு வந்தது. வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"அப்ப நான் இன்னும் அவியளுக்குப் பொண்டாட்டிதானா?"

"சட்டப்படி ஆமா."

படியில் உட்கார்ந்து அழுதாய். சந்தோஷத்தில் அழுகிறாய் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அங்கேயே உன்னிடம் சொன்னேன்: இனி நீயாக இங்கே விவாகரத்து கேள், அதற்கும் முன்னால் வீட்டை அம்மா பேருக்கு உயில் எழுதிவிடு. "செத்த நேரம் செயிச்சவளா இருக்க விடேன்டி. பொறவு பாத்துக்கலாம்" என்றாய்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை நீயாகவே வந்தாய். "நீ சொன்ன உயில எழுதிருவோம். எனக்கு எங்கம்மாவ விட்டா யாரு இருக்கா?"

அன்று மத்தியானம் எனக்கு ஒரு குறுக்கு விசாரணை. டைப் செய்து வைக்கிறேன், திங்கட்கிழமை வா என்றேன். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். ஒரு வெள்ளைத்தாளும், நீ கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக் கையெழுத்திட இரண்டு சாட்சிகளும் போதும். அந்த நேரத்தில் என் அறையில் மூன்று பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

திங்கட்கிழமை உன் போன் வந்தது. "காச்சலா இருக்குடி. அடுத்த வாரம் வாரேன்."

"ஒடம்பப் பாரு. உயில் எங்க ஓடிப்போகுது?" என்றேன்.

வியாழக்கிழமை மதுரை ஆஸ்பத்திரியில் நீ இறந்துபோனாய். உனக்கு நாற்பத்தொரு வயது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் ஆபீசுக்குத் திரும்பியபோது, டைப் செய்த உயில் கையெழுத்தில்லாமல் மேசைமேல் கிடந்தது.

நாலு மாதத்தில் உன் கணவர் சார்பில் உன் அம்மாவுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. பிள்ளை இல்லாத ஒரு பெண் தானே சம்பாதித்த சொத்து, உயில் இல்லாமல் அவள் இறந்தால், பெற்ற தாய்க்கு முன்பாகக் கணவனுக்குப் போகும். நம் சட்டம் அப்படி. நோட்டீசோடு ஒரு தீர்ப்பின் நகலும் வைத்திருந்தார்கள். நான் உனக்கு வாங்கிக் கொடுத்த தீர்ப்பு.

கனடாவுக்கு நானே போன் செய்தேன். அங்கே அவருக்கு வேறு மனைவி இருந்தாள், ஒரு குழந்தையும் இருந்தது. கத்த வேண்டும் என்றுதான் கூப்பிட்டேன். அவர் கத்தவில்லை.

"மேடம், முடிஞ்சு போச்சுன்னுதான நான் சொன்னேன்? முடியலன்னு சொன்னது நீங்கதான?"

லைனில் அந்தக் குழந்தையின் சிரிப்பு கேட்டது.

உன் அம்மாவுக்காக வாதாட வேண்டுமானால் உனக்காக வாதாடியதை நானே மறுக்க வேண்டும். என்னால் முடியவில்லை. வழக்கை வேறொரு வக்கீலிடம் ஒப்படைத்தேன். தன்னைத் தானே விவாகரத்தானவன் என்று சொல்லி வேறு கல்யாணம் செய்துகொண்டவர் இப்போது கணவன் உரிமை கேட்கலாமா என்று அந்த வக்கீல் நன்றாகவே வாதாடினார். ஆனால் உன் அம்மாவால் வாய்தாவுக்கு வாய்தா அலைய முடியவில்லை. சமரசமாயிற்று. வீடு உன் கணவருக்கு, அம்மா உயிரோடு இருக்கும்வரை அதில் குடியிருக்கலாம்.

கையெழுத்துப் போடுமுன் அம்மா என்னைப் பார்த்தார். "இதுல எம்மகள என்னன்னு போட்டுருக்கு?"

"அவரோட மனைவின்னு."

"அம்புட்டுத்தான அவ கேட்டா. கெடச்சிருச்சு" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

போன வாரம் ஒரு பெண், சிங்கப்பூரிலிருந்து வந்த காகிதங்களோடு என்னிடம் வந்தாள். வழக்கு இருக்கட்டும், முதலில் உயில் என்றேன். "என்ன மேடம், நான் என்ன சாகவா போறேன்?" என்று முகம் சுளித்தாள். குமாஸ்தாவையும் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, அவள் கையெழுத்துப் போடும்வரை நான் உட்காரவில்லை. அவள் போனபிறகு குமாஸ்தா தயங்கித் தயங்கிக் கேட்டார், "ஏம்மா, திங்கக்கெழம வரச் சொல்லிருக்கலாமே?"

உன் வழக்குக் கட்டை நான் பழைய கட்டுகளோடு சேர்க்கவில்லை. சில நாள் எடுத்து என் வாதத்தை வரிவரியாகப் படிக்கிறேன். எங்காவது ஒரு தப்பு இருக்காதா என்று தேடுகிறேன். ஒன்றும் அகப்படவில்லை. ஒரே ஒரு தப்புச் செய்து நான் அன்றைக்குத் தோற்றிருந்தால், உன் அம்மா இன்று உன் வீட்டில் யாருடைய தயவும் இல்லாமல் இருந்திருப்பார்.