மேலே தண்ணீர், கீழே தண்ணீர்

கார்த்திகை (நவம்பர்) 1, இரவு

நித்திரை வரவில்லை. மாலை கொழும்புத்துறைக் கோவிலில் விவிலிய வகுப்பு எடுத்தேன். பழைய எபிரேயர் உலகத்தை எப்படிக் கண்டார்கள் என்று கரும்பலகையில் கீறிக் காட்டினேன். மேலே தண்ணீர், அதைத் தாங்கக் கவிழ்த்த சட்டிபோலக் கெட்டியான வானம், நடுவில் நிலம், அடியில் ஆழத்துத் தண்ணீர். விவிலியத்தின் தொடக்கநூலை அவர்களுடைய கண்ணால்தான் வாசிக்க வேண்டும், மேலே தேடிப் போனால் அப்படியொரு கூரை கிடையாது என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு ஒரே புளுகம், மகிழ்ச்சி தாங்கவில்லை.

வகுப்பு முடிந்தும் மாகிறற் அக்கா எழும்பவில்லை. மகன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். உடலும் கிடைக்கவில்லை. நாளை கல்லறைத் திருநாள். ஊரே சேமக்காலையில் கல்லறைகள்மேல் மெழுகுதிரி கொளுத்தும், அவனுக்கோ கல்லறை இல்லை. முற்றத்தில் கொளுத்தி வானத்தைப் பார்த்துச் செபியுங்கள் என்று போன வருடம் சொன்ன பங்குக் குரு நான்தான்.

"அப்ப மேலை ஒண்டுமில்லையோ, சுவாமி?"

"அப்பிடியில்லை அக்கா, அது அந்தக் காலத்து ஆக்கள்..." என்று தொடங்கினேன். அவர் எழுந்து வந்து, நான் கீறிய படத்தின் அடியில் இருந்த தண்ணீர்க் கோட்டில் விரலை வைத்தார்.

"அப்ப என்ரை பிள்ளை இன்னும் உந்தத் தண்ணிக்குள்ளைதான் கிடக்கிறானோ?"



ஆண்டவரே, நாளைக்கு அவர் மெழுகுதிரியோடு வந்து, இதை எங்கே வைக்க என்று கேட்டால், நான் எந்தப் பக்கம் கையைக் காட்டுவேன்?