ஆடாத டிரெய்லர்

அன்புள்ள ராய்ஸுக்கு,

கர்த்தர் கிருபையில நான் சுகம். உங்க வலது கை அசையுதா? இதை வாசிச்சுக் காட்டுற நர்ஸ் பொண்ணுக்கும் என் ஸ்தோத்திரம் சொல்லுங்க.

இங்க சர்க்கரை பீட்ரூட் அறுவடை நடக்குது. நம்ம குடியிருக்கிற டிரெய்லர் வண்டி ஆடினதாலதானே அன்னிக்கு விழுந்தீங்க? நீங்க வர்றதுக்குள்ள ஆட்டத்தை நிறுத்திரணும்னு அதோட முன்பக்க முட்டுக்கால் ரெண்டையும் உசத்திக்கிட்டே போனேன். ஆட்டம் கூடிப்போச்சு. பக்கத்து டிரெய்லர் வெண்டல் பார்த்துச் சிரிச்சார்.

"என்ன சிஸ்டர், இதுலயே பரலோகம் போற உத்தேசமா? கீழ இறக்குங்க, பாரம் சக்கரத்துல உக்காரட்டும்."

அவரே சக்கரங்களுக்கு நடுவுல கட்டையை இறுக்கி, வண்டியோட முன்மூக்குக்கு அடியில இரும்பு முக்காலி ஒண்ணை முட்டுக் கொடுத்தார். இப்ப நான் முழங்கால் போட்டு ஜெபிச்சாக்கூட அசையல.

முன்னெல்லாம் காத்தடிச்சா கட்டில் லேசா ஆடும். நீங்கதான் புரண்டு படுக்கிறீங்கன்னு நினைச்சுக்குவேன். இப்ப அதுவும் இல்ல, ராய்ஸ். பொட்டி மாதிரி கெடக்கு.

இனி நீங்க எந்திரிச்சு நடக்கிறது கஷ்டம்னு டாக்டர் போன்ல சொன்னார். சொல்லட்டும். படிக்குக் கைப்பிடி வெச்சாச்சு.

வேலைக்கு வண்டி வந்துருச்சு. நீங்க வர்ற நாளை மட்டும் அந்தப் பொண்ணை விட்டு எழுதச் சொல்லுங்க. அது வரைக்கும் முக்காலியை எடுத்து வெச்சிரலாம்னு இருக்கேன், கட்டில் லேசா ஆடட்டும்.

உங்க டார்லீன்