சிந்துவெளி உரைக்குப் பிறகு

கிரின்ஸ்டெட்,
கார்த்திகை 1989

சாரங்கியின் அப்பாவுக்கு,

சனிக்கிழமை டோஸ்ட்ருப் மண்டபத்தில் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் நன்றாகத்தான் பேசினீர்கள். மொஹெஞ்சதாரோவில் வீட்டுக்கு வீடு குளியலறை இருந்ததையும், தெரு வடிகால்களைச் செங்கல்லால் மூடி வைத்ததையும் சொன்னபோது கைதட்டினார்கள். அந்த மக்கள் பெண்ணைத் தெய்வமாக வணங்கியிருக்கலாம் என்றீர்கள். முன்வரிசையில் இருந்த பிரியந்தியைப் பார்த்துத்தான் அதைச் சொன்னீர்கள்.

பின்வரிசையில் நானும் உங்கள் மகளும் இருந்தோம்.

"அந்த நகரத்தில மனுசியைக் கைவிட்ட ஆம்பிளையளுக்கு என்ன தண்டனை குடுத்தவை?" என்று எழுந்து கேட்டேன். கையிலிருந்த தாள்களைப் புரட்டினீர்கள்.

"அவையின்ர எழுத்தை இன்னும் ஒருத்தரும் வாசிக்கேல்லை" என்றீர்கள். சபை சிரித்தது. சாரங்கி "அப்பா" என்று கூப்பிட்டதும் சிரிப்பு நின்றது.

இந்த வெள்ளைக்கார நாட்டு அரசு அகதிகளைக் குடும்பங்களைக் கூப்பிட விடுவதில்லை என்று யாழ்ப்பாணத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தீர்கள். மற்றவர்களுக்கு அது உண்மை. அவர்கள் அழுதபடி காத்திருக்கிறார்கள். நீங்கள் எங்களைக் கூப்பிட அனுமதி கேட்கவே இல்லை. நாங்களாக வந்து அடைக்கலம் கேட்டபோது பொலிசார் சொல்லித்தான் அதை அறிந்தேன்.

பிரியந்தியைத் தேடி அலைய வேண்டாம். நேற்று பஸ் பிடித்து இங்கே வந்தாள். நான் ஷெல்லடியில் செத்துப்போனதாக நம்ப வைத்துத்தான் அவளைக் கட்டியிருக்கிறீர்கள்.

"அக்கா, உங்கட ஆத்துமத்துக்கு நான் மாதா கோயில்ல பூசை ஒப்புக்குடுத்தனான்" என்று அழுதாள். தேத்தண்ணி கொடுத்து, இங்கேயே தங்கச் சொன்னேன்.

வரும் ஞாயிறு நானும் அவளுமாக, செத்தவர்களுக்குச் செய்வதுபோல, உங்கள் ஆத்துமத்துக்குப் பூசை ஒப்புக்கொடுக்கிறோம். சைவக்காரியான நானும் மாதா கோயிலுக்குப் போகிறேன். நீங்கள் செத்துப்போனீர்கள் என்று சங்கத்தார் எல்லோருக்கும் சொல்லிவிட்டோம்.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும் உங்கள் மனைவி