பந்தி நேரத்துப் பாட்டு

அக்கா,

நேற்று கடைக்கு நூல்கண்டு வாங்கிவிட்டுத் திரும்பும்போது, ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கச் சந்து வழியாக வந்தேன். உள்ளே பந்தி நடந்துகொண்டிருந்தது. வாழையிலையில் சுடுசோறு விழுந்த வாசம், அதன் மேல் சாம்பார் வாசம். மற்றவர்களுக்கு அந்த வாசத்தில் பசி எடுக்கும். எனக்குக் காது திறந்துகொண்டது. இந்நேரம் மாடியில் கூட்டம் கலைந்திருக்கும், பையன்கள் சொந்தப் பாட்டை எடுத்திருப்பார்கள் என்று சந்திலேயே நின்றுவிட்டேன். மேலே ஏதோ சினிமாப் பாட்டு சிடியில் ஓடிக்கொண்டிருந்தது. "வாக்கா, போவோம்" என்று வாய்வரை வந்துவிட்டது. ஆடி மாதம் நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை நீ. எனக்கு அது அடிக்கடி மறந்துபோகிறது.

நான் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். இதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. ஒரு பாட்டுக்கா இம்புட்டு அழுகை என்று கேட்பார்கள்.

நீ இந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்தாய், நான் இளையவளாக வந்தேன். மாமாவின் பூக்கடை தெருமுனையில் இருந்தது. நமக்கு இந்தப் பின்கட்டு. விடிந்தால் மல்லிகைக் கூடை, பொழுது சாய்ந்தால் சம்பங்கிக் கூடை. கோயிலுக்குக்கூட மாமாவைக் கேட்டுத்தான் போக வேண்டும், கேட்டால் "பூவ யாரு கட்டுறது?" என்பார். முகூர்த்த நாளில் மட்டும் கதவு திறக்கும். மணப்பெண்ணுக்குப் பூஜடை தைத்துவிட ஆண்களை அனுப்ப முடியாதே. வரவேற்பு முடிகிற வரை மேடை ஓரத்தில் உட்கார்ந்து, சரிகிற பூவைச் சரிசெய்துவிட்டு வருவோம்.

அப்படி ஒரு வரவேற்பில்தான் அந்த நாலு பேரைக் கண்டோம். பழனிப் பக்கம் பாலசமுத்திரத்துப் பையன்கள். ஒரு கீபோர்டு, ஒரு டோலக், ஒரு கிடார், பாடுகிறவன் ஒருத்தன். கூட்டம் இருந்தவரை சினிமாப் பாட்டுதான் பாடினார்கள், அதிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. கூட்டம் மொத்தமும் பந்திக்குக் கீழே இறங்கியது. காலி நாற்காலிகளைப் பார்த்து அவர்களுக்குள் ஏதோ சிரித்துக்கொண்டார்கள். பிறகு மெதுவாக ஒரு பாட்டு ஆரம்பித்தது. ரேடியோவில் கேட்டதில்லை, எங்கேயும் கேட்டதில்லை. பாட்டில், ஒட்டன்சத்திரம் சந்தையில் கேரளாவுக்குக் கிளம்புகிற காய்கறி லாரி. முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவில் ஒருத்தி ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. ஏன் போகிறாள் என்று பாட்டு சொல்லாது. பழனிக்கு ஒரு வரி, உடுமலைக்கு ஒரு வரி, பொள்ளாச்சிக்கு ஒரு வரி. அப்புறம் மலை வரும், காற்று மாறும், அவ்வளவுதான் பாட்டு.

உன் கையில் ஊசி அப்படியே நின்றது. "ஏடி, அவ போயிட்டாடி" என்றாய், பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்வதுபோல.

அதற்குப் பிறகு முகூர்த்தம் வந்தால் நமக்கு ஒரே கேள்வி, இன்றைக்கு எந்தக் குழு? அந்தப் பையன்கள் வந்தால் நாம் பந்திக்குப் போக மாட்டோம். வெறும் வயிற்றோடு வீடு வந்து பழைய சோற்றைத் தின்போம். சம்பங்கி கட்டும்போது நீ முணுமுணுப்பாய், நான் பின்பாட்டு இழுப்பேன். "இந்தப் பாட்டு தெரிஞ்சது ஒலகத்துலயே ஆறு பேருடி. அவய்ங்க நாலு, நாம ரெண்டு" என்பாய். அந்தக் கணக்கில் உனக்கு அவ்வளவு பெருமை.

அந்தச் சுகத்தை ஒரு நாள் மைக் கெடுத்தது. பாட்டுக்காரன் நம்மைப் பார்த்து, "ஏனுங்கக்கா, நீங்க சாப்பிடப் போகலீங்களா?" என்றான். "நீங்க பாடுங்க தம்பி, சோறு எங்கயும் ஓடிறாது" என்றாய் நீ. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மைக்கிலேயே சொல்லிவிட்டான்: "எங்க பாட்டுக்கும் ரெண்டு அக்காமாருங்க பட்டினியா உக்காந்திருக்காங்க. அவங்களுக்காக இந்தப் பாட்டுங்க."

அன்றைக்குக் கீழே பந்தியிலும் ஒரு ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். அங்கே மாமா, பெண் வீட்டாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஏய்யா, ஒம் மருமகளுகளுக்குத் தனிக் கச்சேரியாம்ல!" என்று யாரோ கேட்க, வரிசை முழுக்கச் சிரித்திருக்கிறது. பாதி இலையில் எழுந்து வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும், "பூ வைக்கப் போனீகளா, பாட்டுக் கேக்கப் போனீகளா?" என்றார்.

"பூவும் வச்சோம் மாமா. பாட்டு காதுல விழுந்துச்சு" என்றாய். உன் வீட்டுக்காரர் கை ஓங்கினார். நம் இருவருக்கும் மண்டபம் அன்றோடு முடிந்தது. பூஜடையை வீட்டில் தைத்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பினோம். மாட்டிவிட வேறு ஒரு பெண்ணை மாமா பிடித்துவிட்டார். முகூர்த்த நாளும் மற்ற நாளும் ஒன்றாகிப் போனது. கூடை வந்தது, கூடை போனது.

சில வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமா டிவி முன்னால் இருந்து கூப்பிட்டார். "ஏத்தா, ஓடியாங்க! நம்ம பழனிப் பக்கத்துப் பயலுகளாம்!" போய்ப் பார்த்தால் அதே நாலு பேர். கறுப்புக் கண்ணாடி, பளபளவென்று சட்டை. அவர்கள் பாட்டைச் சினிமாவில் வைத்திருக்கிறார்கள் என்று பேட்டி எடுத்தார்கள். எனக்கு நெஞ்சு விம்மியது. "அக்கா, நம்ம பசங்கக்கா!" என்று உன் கையைப் பிடித்தேன். பிறகு பாட்டு ஓடியது. டோலக் இருந்த இடத்தில் தடதடவென்று என்னவோ இருந்தது. லாரி வந்தது, அவள் ஏறினாள். கதாநாயகன் பைக்கில் துரத்தினான். உடுமலையில் லாரியை மறித்தான், அவள் சிரித்துக்கொண்டே குதித்தாள், ரோட்டில் நாற்பது பேர் ஆடினார்கள். பாட்டு அங்கேயே முடிந்துவிட்டது.

நீ என் கையை விடுவித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாய். நான் பின்னாலேயே வந்தேன்.

"எறக்கி விட்டுட்டாய்ங்கடி அவள" என்றாய்.

"பொழைக்க வேணாமாக்கா அவய்ங்களும்? எத்தன நாளைக்குக் காலி நாற்காலிக்குப் பாடுவாய்ங்க?"

"பொழைக்கட்டும். நல்லா இருக்கட்டும். நான் வேணாங்கலையே. அவ ஒருத்திதான் போனா. அவளயும் கூட்டியாந்துட்டாய்ங்களே."

அந்த வருஷம் பேருந்தில், டீக்கடையில், கட்சிக் கூட்டத்தில் எங்கும் அந்தப் பாட்டுதான். கடைக்கு வருகிறவர்களிடம் மாமா, "எங்க வீட்டுப் பொம்பளைகளுக்குத்தான் அவய்ங்க மொத மொதல்லப் பாடுனது, தெரியும்ல?" என்று சொல்லிக்கொண்டார். எந்தப் பேச்சுக்குத் தலைகுனிந்தாரோ, அதே பேச்சு இப்போது அவரை மீசை முறுக்க வைத்தது. பிறகு அவர்களுக்குத் திண்டுக்கல்லில் பாராட்டு விழா வைத்தார்கள். மாலை நம் கடைக்குத்தான் சொல்லியிருந்தது. மாமாவே வந்து, "கெளம்புங்கத்தா ரெண்டு பேரும். மேடையில ஏறி நீங்களே மாலை போடலாம்" என்றார்.

அத்தனை வருஷம் கழித்துத் திறந்த கதவு. ரோஜா மாலையை நீதான் கட்டினாய், ஒரு இதழ் வாடல் இல்லாமல். கட்டி முடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "நான் வரல மாமா" என்றாய். உன் வீட்டுக்காரர் கேட்டதற்கும் அதுதான் பதில்.

நான் போனேன். கம்பு கட்டித் தடுத்திருந்தார்கள், மேடைக்கு மாமாவை மட்டும் விட்டார்கள். பாட்டுக்காரன் முகம் எனக்குத் தீப்பெட்டி அளவு தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பொள்ளாச்சி வந்துச்சாடி?"

"இல்லக்கா. உடுமலையோட நிறுத்திட்டாய்ங்க."

நீ தலையை ஆட்டினாய். கை சம்பங்கியைக் கட்டிக்கொண்டிருக்க, முதலிலிருந்து பாடினாய், பழையபடி மெதுவாக. அதற்குப் பிறகு நம் பின்கட்டில் அது தினமும் நடந்தது. உடுமலை தாண்டியதும் உன் குரல் கம்மும், கண் சுவரைத் தாண்டி எங்கோ போகும். நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். பின்பாட்டை விட்டுவிடுவேன்.

நீ போன பிறகு அந்த ஆறு பேர் கணக்கை நினைத்துப் பார்த்தேன். அவர்கள் நாலு பேரும் சென்னையில் இருக்கிறார்களாம், பெரிய ஆட்கள். அதைப் பாடுகிறார்களோ மறந்தார்களோ. இந்தப் பக்கம் நான் ஒருத்தி. உன் கூடையும் சேர்ந்து என் முன்னால்தான் இருக்கிறது. பழனிக்கு அப்பால் நான் போனதில்லை, இனிப் போகப்போவதும் இல்லை. ஆனாலும் தினமும் பாடுகிறேன் அக்கா. ஏற்றிவிடுகிறேன், பழனி வருகிறது, உடுமலை வருகிறது. பொள்ளாச்சி வரியில்தான் நிற்கிறேன். உன் முகம் அப்படியே நினைவில் இருக்கிறது, அந்த வரியின் வார்த்தை ஒன்றுகூட இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை.

அந்த ஒரு வரியை மட்டும் வாயை மூடி, மெட்டை முனகிக் கடக்கிறேன். அவளை இறங்கவிடுவதில்லை.